கல்லைப் பிடித்த கொக்கு

பதினாறு வருடமாக நான் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் என்று தெரியாமல் சொன்னபடியால் பிழை என்றும் எழுதலாம். ஆனால் சொல்லும்போதெல்லாம் எனக்கு வந்த பெருமையை நினைத்தால் பொய் என்ற சொல்தான் நியாயமாகப் படுகிறது.

பலெர்மோவின் பழைய நகரில், துறைமுகத்திலிருந்து பத்து நிமிட நடையில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நான் போர்த்தியேரே. வாசல் காவலாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல் என்றதும் துவக்கையும் தடியையும் நினைக்க வேண்டாம். ஒரு கதிரை, ஒரு சின்ன மேசை, பூட்டுத் திறப்புகள் தொங்கும் ஒரு பலகை. பார்சல் வாங்குவேன், படி கழுவுவேன், குழாய் வெடித்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்துவைத்திருப்பேன். வாசலுக்குப் பின்னால் இரண்டு அறைகள். அங்கேதான் நானும் மனைவியும் குடியிருக்கிறோம். அவள் பக்கத்துத் தெருக்களில் மூன்று வீடுகளுக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறாள். மகள் கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள். வேலை போனால் அந்த இரண்டு அறைகளும் போய்விடும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முழுக்க அதைப் பற்றித்தான்.

கட்டடத்தின் நுழைவாயிலுக்கு மரக்கூரை. கனத்த உத்தரங்கள். அவற்றில் மூன்றில் மட்டும் பழைய காலத்து ஓவியம் மிஞ்சியிருக்கிறது. அறுநூறு, எழுநூறு வருடம் இருக்கும் என்பார்கள். ஒன்றில் ஏதோ கொடி, ஒன்றில் முகம் தேய்ந்துபோன ஒரு குதிரைவீரன். மூன்றாவது உத்தரம் என் கதிரைக்கு நேர் மேலே. அதில் ஒரு பறவை. நீண்ட கால், நீண்ட கழுத்து. ஒரு காலில் நின்றுகொண்டு, மற்றக் காலை மடக்கித் தூக்கி, அதன் விரல்களுக்குள் உருண்டையாக எதையோ பிடித்திருந்தது.

வன்னியில் குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? நத்தைகுத்தி நாரை. வயலில் இறங்கி நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள் இருக்கும் சதையை இழுத்துத் தின்னும் பறவை. உத்தரத்தில் இருந்த உருண்டையில் நத்தையின் சுருளைக்கூட நான் கண்டேன். நாரை நத்தையைச் சொண்டால் பிடிக்குமே தவிர காலால் தூக்கிக்கொண்டு நிற்காது என்பது எனக்குத் தெரியும். இத்தாலி நாரைக்கு இத்தாலிப் பழக்கம் இருக்கலாம் என்று அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டேன்.

முதலில் முதல் மாடி மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். (இத்தாலியனில் பேசியதையெல்லாம் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.) அவர் கூரையை அண்ணாந்து பார்த்து, கையைத் தட்டிச் சிரித்தார். ஏனென்றால் பலெர்மோக்காரருக்கு நத்தை என்றால் உயிர். கோடையில் சின்ன வெள்ளை நத்தைகளை உள்ளியோடு வதக்கி, ஓட்டை வாயில் வைத்து உறிஞ்சித் தின்பார்கள். பப்பலூச்சி என்று பெயர். ஆடி மாதத்து நகரத் திருவிழாவில் தெருவெங்கும் அந்த மணம்தான். தாங்கள் தின்னும் நத்தையை எழுநூறு வருடத்துக்கு முன்பே ஒரு பறவை தின்றிருக்கிறது என்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அது கட்டடம் முழுவதற்கும் பப்பலூச்சிப் பறவை. விருந்தினர் வந்தால் கூட்டிவந்து என் முன் நிறுத்துவார்கள். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, நாரை பற்றிய விளக்கத்தை ஆரம்பிப்பேன். வழி தவறி உள்ளே வந்த வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரருக்கும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதைக் குறித்துக்கொண்டும் போனார்கள்.

இரண்டாம் மாடியில் ஒரு வக்கீல். இத்தாலியனில் அவ்வொகாத்தோ. என் மனைவி அந்தச் சொல்லை முதல்முறை கேட்டபோதே, "எங்கடை அப்புக்காத்துத்தானே, இஞ்சையும் வந்திட்டாரோ" என்று கேட்டாள். யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் வக்கீலை அப்படித்தான் சொல்வார்கள். அன்று முதல் எங்கள் வீட்டுக்குள் அவர் பெயர் அப்புக்காத்தர். அவர் மட்டும்தான் என் நாரை விளக்கத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்காதவர். எந்த விளக்கத்தைக் கேட்டாலும் அத்தாட்சி எங்கே என்பது போலப் பார்ப்பார்.

இந்த நகரத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுத்துவிடுவார்கள். யன்னல் பலகைகள் மூடிவிடும். தெருவில் பூனைகூட நடக்காது. மற்றக் கட்டடங்களின் போர்த்தியேரேமாரும் அந்த நேரம் கதவைப் பூட்டிவிட்டுப் படுப்பார்கள். எங்கள் கட்டடத்தில் மட்டும், பார்சல்காரர்கள் வரும் நேரம் அதுதான் என்பதால், என்னை மத்தியானம் இருக்கவைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்கே விட்டுவிடுவதென்று எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். ஆகவே நான்கு மாடிகளும் குறட்டை விடும்போது நான் ஒருவன் கண்ணைத் திறந்துவைத்திருக்க வேண்டும். அதுவும் வயிறு நிறையச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்ட கையோடு.

நான் தூங்கினேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வருடக் கணக்காக, அரை மணி, முக்கால் மணி என்று கதிரையில் இருந்தபடியே தூங்கினேன். சென்ற மாரியில் ஒரு நாள் பார்சல்காரன் மணியடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். பார்சல் அப்புக்காத்தருடையது. அவர் இறங்கிவந்தபோது நான் வாயைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேனாம். ஒரு வாரம் கழித்து அதே நேரம் மறுபடி வந்து பார்த்தார். மறுபடியும் தூங்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு கட்டட நிர்வாகி ஒட்டிய அறிவித்தலில், அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயங்களில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. போர்த்தியேரே வேலையை நிறுத்தி, வாசலில் கமெரா வைத்த மணியும் பார்சல் பெட்டியும் பொருத்துவது. அந்த அறிவித்தலைச் சுவரில் குத்தியது நான்தான். குத்தும்போதுதான் வாசித்தேன்.

மனைவி அதை இரண்டு தரம் வாசித்தாள். "பெட்டி படி கழுவுமோ எண்டு கேளுங்கோ" என்றாள். பிறகு போய்க் கத்தரிக்காய் வெட்டினாள். ஐம்பத்தெட்டு வயதில் இந்த ஊரில் புதிதாக வீடு தேடுவதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த மாரியில் மழை கடுமை. மருந்துக்கடைக்காரரின் குளியலறைக் குழாயும் சேர்ந்து கசிந்து, பறவை இருந்த உத்தரத்தில் ஈரம் படிந்துவிட்டது. பழைய ஓவியம் என்றால் கண்டவர் தொட முடியாது. அதற்கென்று படித்தவர் வர வேண்டும். மாசி கடைசியில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். என் கதிரையை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் இரும்புச் சாரம் கட்டி, நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள். பஞ்சைக் குச்சியில் சுற்றி, ஏதோ திரவத்தில் தோய்த்து, ஓர் அங்குலம் துடைக்க அரை நாள் எடுத்தாள். என் மனைவி வீடு துடைக்கும் வேகத்தைப் பார்த்தவனுக்கு அது வேலையாகவே தெரியவில்லை.

முதல் நாளே கீழே நின்று நத்தை விளக்கம் முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். அவள் துடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "அப்படியா," என்றாள். "பார்ப்போம்."

நகர் ஓரத்துச் சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்யும் என் மைத்துனர் ஒரு பை நிறைய மண்டரின் பழம் கொண்டுவந்து தந்த நாளில், நானும் அவளுக்கு நாலைந்து பழம் கொடுக்கச் சாரத்தடிக்குப் போனேன். "மேலே வாருங்கள்," என்றாள். பதினாறு வருடம் கீழேயிருந்து பார்த்த பறவையை அன்றுதான் முகத்துக்கு முகம் பார்த்தேன். சாம்பல் நிறச் சிறகு. வால் பக்கம் கறுப்பாக ஒரு கொத்து. காலில் உருண்டை. உருண்டையில் சுருள் இல்லை.

"நத்தை எங்கே?" என்று கேட்டேன்.

"அது புகையும் சிலந்திக்கூடும்," என்றாள். "நேற்றுத் துடைத்துவிட்டேன். இது கல்."

என் நத்தையைப் பஞ்சால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பழத்தை உரித்துத் தின்றபடி அதை எனக்குச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் கோபப்பட நியாயம் இல்லை என்பது தெரிந்தபடியால் இன்னும் கோபம் வந்தது.

"இது ஒரு க்ரூ," என்றாள்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கும் பாரந்தூக்கிக்கு இத்தாலியனில் அதுதான் பெயர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் அங்கே மூன்று மாதம் வேலை செய்தேன். எழுநூறு வருடத்துக்கு முன்பு ஏது பாரந்தூக்கி என்று நான் முழித்ததைப் பார்த்து அவள் விளக்கினாள். அந்தப் பெயரில் ஒரு பறவை இருக்கிறது. குளிர் நாடுகளிலிருந்து கூட்டமாகப் பறந்துவரும். எங்கள் பக்கத்துக் கொக்கும் இல்லை, நாரையும் இல்லை. இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம் போல ஒன்று. தமிழில் எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. கொக்கு என்றே வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்து ஆட்கள் இந்தக் கொக்கைப் பற்றி ஒன்றை நம்பினார்களாம். கூட்டம் இரவு தங்கும் இடத்தில் எல்லாக் கொக்குகளும் தூங்கும். ஒன்று மட்டும் காவல் நிற்கும். அது ஒரு காலைத் தூக்கி, அதில் ஒரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். கண் சொக்கினால் பிடி தளரும், கல் விழும், விழுந்த சத்தத்தில் கொக்கு விழித்துக்கொள்ளும். ஆகவே தேவாலயத்துச் சுவரிலும் பெரிய வீட்டு வாசலிலும் கல்லோடு ஒரு கொக்கை வரைந்தால், இங்கே விழிப்பு இருக்கிறது என்று அர்த்தம். மதகுருமாருக்கு அது விழித்திருந்து செபிக்கும் மனம். வீட்டுக்காரருக்கு வாசல் காவல்.

"வாசலுக்கு நேர் மேலே வரைந்திருக்கிறார்கள்," என்றாள். "உங்கள் உத்தியோகம்தான்."

நான் சாரத்திலிருந்து இறங்கினேன். கல்லோடு விழித்து நிற்கும் கொக்கு. அதற்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு தூங்கும் நான். அப்புக்காத்தரின் கைத்தொலைபேசிப் படத்தில் இரண்டும் சேர்ந்தே விழுந்திருக்கும். அவருக்கு இனி வேறு அத்தாட்சியே தேவையில்லை. வேலை முடிந்ததும் சுவரில் ஒரு சின்ன அட்டை வைப்பேன், அதில் பறவையின் பெயரும் பொருளும் இருக்கும் என்று அவள் வேறு சொல்லியிருந்தாள்.

அன்று பின்னேரம் மனைவியிடம் சொன்னேன். "அது நாரை இல்லையாம். க்ரூவாம்."

"குருவோ?" என்றாள் அவள். "கொக்கு உங்களுக்குக் குருவோ?"

"குரு இல்லை. க்ரூ. நித்திரை கொள்ளாமல் காவல் நிக்கிற பறவையாம்." கல் கதை முழுவதையும் சொன்னேன்.

அவள் சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். நன்றாக, தோள் குலுங்கச் சிரித்தாள். "அப்ப குருதான். நான் சொன்னது சரிதானே. எங்கடை கொக்கு கண்ணை மூடிக்கொண்டு மீனுக்கு நிக்கும். இது கண்ணைத் திறந்துகொண்டு மற்றவைக்கு நிக்குது. நீங்கள் ரெண்டிலையும் சேராமல் கண்ணையும் மூடி மீனையும் விட்டிட்டியள்."

"நீர் பகிடி பண்ணுறீர். அந்த அட்டையை வச்சால் அப்புக்காத்தர் என்ன சொல்லுவார் தெரியுமோ?"

"அட்டை சொல்லமுந்தி நீங்கள் சொல்லுங்கோ," என்றாள். "பதினாறு வருசம் நத்தை எண்டு சொன்ன வாய்தானே. அதே வாயாலை கல்லு எண்டு சொன்னால் என்ன தேஞ்சா போகும்?"

அவள் ஞாயிறுதோறும் நகரத்துக்கு மேலே இருக்கும் மலைக்கு நடந்து ஏறுகிறவள். அங்கே குகைக்குள் இந்த ஊரின் காவல் புனிதை இருக்கிறாள். பலெர்மோத் தமிழரில் வேதக்காரர், சைவர் என்ற வேறுபாடு அந்தப் படிகளில் கிடையாது. எங்கள் வீட்டுப் பிள்ளையார் படத்துக்கு வைக்கும் நேர்த்தியையே அவள் அங்கேயும் வைப்பாள். அடுத்த ஞாயிறு ஏறிவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கோழி முட்டையளவு, வெள்ளை, பாதையோரத்தில் கிடந்தது.

"பிடியுங்கோ," என்றாள். "குரு பிடிக்கிற மாதிரி."

பகிடிக்குத்தான் கொடுத்தாள். ஆனால் திங்கட்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தபோது நான் அதைக் கையில் எடுத்தேன். கையைக் கதிரைக்கு வெளியே தொங்கவிட்டேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கல் பளிங்குத் தரையில் விழுந்தது. எங்கள் மாடிப்படி கிணறு மாதிரி. கீழே ஊசி விழுந்தாலும் நான்காம் மாடிக்குக் கேட்கும். மருந்துக்கடைக்காரரின் நாய் குரைத்தது. நான் துள்ளியெழுந்து, கையில் கிடைத்த துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. ஆனால் நான் விழித்திருந்தேன்.

பளிங்கு உடைந்தால் அதற்கும் கூட்டம் வைப்பார்கள் என்று மனைவி பயந்து, அடியில் வைக்க ஓர் எவர்சில்வர் தட்டைக் கொடுத்தாள். அது பிழையாய்ப் போயிற்று. தரையில் விழுந்தால் டொக் என்று முடிந்திருக்கும். தட்டில் விழுந்தபோது கோயில் மணி மாதிரி டங் என்று நான்கு மாடிக்கும் அறிவித்தது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய இரண்டரை மணிக்கு அது விழுந்தது. விழுந்த பிறகு எனக்கு நித்திரை வருவதில்லை. அப்படியே ஐந்து மணி வரை இருப்பேன். அந்த வாரங்களில் ஒரு பார்சல்கூடத் திரும்பிப் போகவில்லை.

சாரம் கழற்றுவதற்கு முதல் நாள் அந்தப் பெண் என்னை மறுபடியும் மேலே கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்து முடித்திருந்தாள். அதுவரை கண் இருந்த இடம் கறுப்பாகத்தான் இருந்தது. "மற்ற இடங்களில் இந்தப் பறவைக்குக் கண்ணை வட்டமாக, திறந்தபடி வரைவார்கள்," என்றாள். "இதைப் பாருங்கள்."

கொக்கின் கண் பாதி மூடியிருந்தது. மெல்லிய ஒரு கோடு, இமை இறங்குவது போல. வரைந்தவர் அதைத் தூங்கப் போகிற நேரத்தில் வரைந்திருந்தார். இன்னும் ஒரு நொடியில் கல் விழும்.

"பிழையாக வரைந்துவிட்டாரோ?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "ஒருவேளை இந்த வீட்டு வாசல்காரரை அவருக்குத் தெரிந்திருக்கலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரத்தின் மேல் நின்று, ஒரு கொக்கின் இமையைப் பார்த்து அழுதவன் என்று யாரும் சொல்லக் கூடாதென்று தூசி விழுந்த மாதிரிக் கண்ணைக் கசக்கினேன். எழுநூறு வருடத்துக்கு முன்பும் இந்த வாசலில் ஒருவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிந்திருக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டு ஒருவன் சாரத்தில் நின்று வரைந்திருக்கிறான். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் ஆனி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தது. நிர்வாகியின் அலுவலகம் சின்னது என்பதால் எங்கள் நுழைவாயிலிலேயே, அந்த உத்தரங்களுக்குக் கீழேயே நடந்தது. பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கியவன் நான். மூன்றாவது விஷயம் வந்ததும் நிர்வாகி என்னைப் பார்த்தார். சம்பந்தப்பட்டவர் ஏதும் சொல்ல விரும்பினால் சொல்லிவிட்டு உள்ளே போகலாம் என்றார்.

ஒரு கையில் கல்லையும் மறு கையில் தட்டையும் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மனைவி அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று தெரியும். கதவுக்குக் கீழே அவள் கால் விரல்கள் தெரிந்தன.

"இரண்டு விஷயம்," என்றேன். "ஒன்று, நான் மத்தியானம் தூங்கியது உண்மை. அவ்வொகாத்தோ இரண்டு தரம் பார்த்தார். அவர் பார்க்காத நாட்களிலும் தூங்கினேன். இரண்டாவது, மேலே இருப்பது நத்தை இல்லை. கல். பதினாறு வருடமாக உங்களுக்குப் பிழையாகச் சொல்லியிருக்கிறேன்." பிறகு கொக்கின் கதையைச் சொன்னேன். பாதி மூடிய கண்ணைக் காட்டினேன். என் கையிலிருந்த கல்லையும் காட்டினேன்.

என்னை வைத்திருப்பதா விடுவதா என்று பேசுவார்கள் என்று நினைத்தேன். மருந்துக்கடைக்காரர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "நத்தைதான்," என்றார்.

"கல்," என்றேன்.

"நீங்கள்தானே சொன்னீர்கள்! நானும் என் மருமகனுக்குச் சொல்லியிருக்கிறேன். மருமகன் அவன் வேலை செய்யும் இடத்தில் சொல்லியிருக்கிறான்."

மூன்றாம் மாடிக்காரர் கல் என்றார். நான்காம் மாடியில் கணவர் நத்தை, மனைவி கல். யாரோ கதிரையில் ஏறி நின்று கைத்தொலைபேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். வேறொருவர், கொக்கு கல்லைப் பிடிப்பது முட்டாள்தனம், நத்தை என்றால் தின்னவாவது செய்யலாம் என்றார். முக்கால் மணி நேரம் போயிற்று. என் பெயர் அதற்குள் ஒரு தரம்கூட வரவில்லை. கடைசியில் அப்புக்காத்தர் கையைத் தூக்கினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"மத்தியானத்தில் ஒரு மணிச் சத்தம் கேட்கிறதே," என்று என்னிடம் கேட்டார். "அது இதுதானா?"

நான் கல்லைத் தட்டில் விட்டேன். டங் என்றது. நாய் குரைத்தது.

அவர் தன் கோப்பில் ஏதோ எழுதினார். நிர்வாகி மணிக்கூட்டைப் பார்த்து, மூன்றாவது விஷயத்தைப் புரட்டாதி மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைப்பதாகச் சொன்னார். அட்டை அடுத்த நாள் சுவரில் ஏறியது. மருந்துக்கடைக்காரர் ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு திருவிழாவுக்கு ஒரு கிண்ணம் நிறைய நத்தை கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "இது கல் இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோடை போனது. ஆட்கள் கடற்கரைக்குப் போய்த் திரும்பினார்கள். கல் தினமும் விழுந்தது. ஆனால் அப்புக்காத்தர் கோப்பில் என்ன எழுதினார் என்பது மட்டும் எனக்குள் முள் மாதிரி இருந்தது. புரட்டாதி பிறந்தது. நிர்வாகி புதிய அறிவித்தலைக் கொண்டுவருவதாகச் சொன்ன நாள் வந்தது. அன்று மத்தியானம் என் கண்ணில் நித்திரையே இல்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டரை ஆனது. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கை ஈரமாகிவிட்டது. கல் விழவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்புக்காத்தர். வீட்டுச் செருப்பு, மேல்சட்டை இல்லாத உள்பெனியன், ஒரு பக்கம் கிளம்பி நின்ற நரைமயிர். அவரை நான் கோட்டுப் போடாமல் பார்த்ததே இல்லை. கடைசிப் படிக்கு முன் படியில் நின்று என்னைப் பார்த்தார். என் முகத்தை, கையை, தட்டை.

"சுகமில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை, சுகமாக இருக்கிறேன்."

"கல் விழவில்லை."

"இன்றைக்கு நித்திரை வரவில்லை, அவ்வொகாத்தோ."

அவர் தலைமயிரைக் கையால் அழுத்திவிட்டார். "அது விழுந்தால்தான் நான் கண்ணை மூடுவது," என்றார். "நீங்கள் எழும்பிவிட்டீர்கள் என்று தெரியும். அதுதான்."

திரும்பி இரண்டு படி ஏறியவர் நின்று, "போடுங்கள்," என்றார்.

நான் கல்லை விட்டேன். தட்டு டங் என்றது. அவருடைய செருப்புச் சத்தம் மெல்ல மேலே போய், இரண்டாம் மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

பின்னேரம் நிர்வாகி அறிவித்தலைக் கொண்டுவந்தார். நான் சுவரில் குத்தினேன். நான்கு விஷயங்கள். மொட்டைமாடி ஒழுக்கு. படி விளக்கு. குப்பை எடுக்கும் நாள் மாற்றம். நான்காவது, வாசலில் இருக்கும் பழைய கதிரைக்குப் பதிலாக, கை வைக்கக்கூடிய, மெத்தை உள்ள ஒரு கதிரை வைப்பது. முன்மொழிபவர், இரண்டாம் மாடி.

மனைவி வேலையால் வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமலே அதை வாசித்தாள். ஒரு தரம் தனக்குள், ஒரு தரம் சத்தமாக. பிறகு அண்ணாந்து கொக்கைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் என்னைச் சும்மா விடுவாளா?

"உந்தக் கதிரையிலை இருந்தால்," என்றாள், "கல்லு இன்னும் கெதியா விழும்."